தண்டவாளம் பெயர்த்த பாதை: மத்திய ஒட்டாகோவில் சைக்கிள் பயணம்

முதல் நாள்: க்ராம்வெல் – க்ளைடு

லாரி இல்லாத இடமாகப் பார், அவ்வளவுதான் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிங்கப்பூரில் பூங்கா இணைப்புப் பாதைகளை ஒன்றுவிடாமல் ஓட்டி முடித்தவள் அவள். சாலையில் இறங்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்பாள். அதனால்தான் நியூசிலாந்தின் தென் தீவில், ஒட்டாகோவின் உட்பகுதிக்கு வந்திருக்கிறோம். இங்கே ஏரிக்கரையிலும் பழைய ரயில் தடத்திலும் கார் நுழையவே முடியாத சரளைப் பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இருக்கின்றன. சைக்கிள்களை இங்கேயே வாடகைக்கு எடுத்தோம். எனக்குச் சாதாரண சைக்கிள், அக்காவுக்கு மின்சைக்கிள். பெட்டிகளை ஒரு வேன்காரர் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். எங்கள் கையில் தண்ணீர், மழைச்சட்டை, பஞ்சர் ஒட்டும் சாமான் மட்டும்.

இன்றைய பாதை டன்ஸ்டன் ஏரியை ஒட்டியது. 2021 மே மாதம் திறந்தார்கள். க்ராம்வெல்லில் கிளம்பி, ஏரியின் கவராவ் கிளையோரமாகப் பானக்பர்ன் போய், கார்னிஷ் பாயிண்டில் திரும்பி, மலையிடுக்குக்குள் புகுந்து க்ளைடில் முடிகிறது. முதல் பாதி திராட்சைத் தோட்டங்கள். வரிசை வரிசையாகக் கொடிகள், பழத்தைக் குருவி கொத்தாமலிருக்க மேலே வலை. மலைகளில் மரமே இல்லை. நன்றாக வறுத்த ரவை நிறத்தில் புல், நடுநடுவே பாறை முண்டுகள். கீழே ஏரி மட்டும் கண்ணைப் பறிக்கும் நீலம்.

இடுக்குக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. பாறை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது, பாதை வெட்ட இடமில்லை. ஆகவே பாறையிலேயே இரும்புச் சட்டங்களை அடித்து, அதன்மேல் பலகைத் தளம் போட்டு, தண்ணீருக்கு மேலே பாதையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை தோளை உரசுகிறது, மறுபக்கம் கம்பி வேலி, அதற்குக் கீழே ஏரி. எதிரில் ஆள் வந்தால் ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும். அக்கா மணியடித்துக்கொண்டே வந்தாள், ஆள் இல்லாத இடத்திலும்.

வழியில் ஒரு படகு கட்டியிருந்தது. காப்பிக் கடை! கரையில் கடை வைக்க வழியில்லாததால் கடையே மிதந்து வந்திருக்கிறது. குடித்துவிட்டுக் கிளம்பினால் கெர்ன்மூர் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளாக மேலே மேலே போகிறது. நான் இறங்கித் தள்ளினேன். அக்கா விசையை ஒருமுறை தட்டிவிட்டு, "மெதுவா வாடி, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனாள். மேலே போய் இறங்கியதும் 86 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குபாலம். நடுவில் போகும்போது பலகை தாளம் போடுகிறது.

இவ்வளவு அழகும் செயற்கை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இது ஏரியே அல்ல, நீர்த்தேக்கம். க்ளூதா ஆற்றின் குறுக்கே க்ளைடில் அணை கட்டி 1992, 93-ல் நிரப்பியது. க்ராம்வெல்லின் பழைய கடைத்தெரு, பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்கள், பழைய சாலை, ரயில் தடம் எல்லாம் அடியில். அலுமினிய உருக்காலைக்கு மின்சாரம் என்று சொல்லித் திட்டம் போட்டார்கள். நீதிமன்றத்தில் தடை வந்தபோது 1982-ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றி அணையைக் கட்டினார்கள். உருக்காலை கடைசிவரை வரவில்லை. தப்பித்த சில கட்டடங்களைக் க்ராம்வெல் கரையோரம் திரும்ப எழுப்பி வைத்திருக்கிறார்கள். காலையில் அங்கிருந்துதான் கிளம்பினோம்.

எதிர்க்கரையில் நெடுஞ்சாலை தெரிகிறது. கார்கள் ஊர்வது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு வருவது அரிதாகத்தான். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள்: க்ளைடு – ஓமாக்காவ்

இன்று ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் பாதை ஆரம்பம். க்ளைடிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். 1879-ல் கடற்கரை நகரமான டனீடின் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கி, மிடில்மார்ச்சுக்கு 1891-லும், ரான்ஃபர்லிக்கு 1898-லும், க்ளைடுக்கு 1907-லும், க்ராம்வெல்லுக்கு 1921-லும் தண்டவாளம் போட்டார்கள். 1862-ல், நேற்று நாங்கள் கடந்த அந்த இடுக்கில் தங்கம் எடுத்து, ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் 87 பவுண்டு தங்கத்தோடு டனீடினுக்குப் போய் நின்றார்கள். அதன்பின் ஊரே இங்கே திரண்டது. ஆனால் ரயில் வந்துசேர்ந்தபோது தங்க வேட்டையின் உச்சம் எப்போதோ கடந்துவிட்டது. அதற்குப் பிறகு கம்பளியும் ஆடும் பழமும்தான் சரக்கு. அணைக்கான சாமான்களைச் சுமந்து முடித்ததும் 1990-ல் ரயிலை நிறுத்தினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 2000-ல் முழு நீளமும் சைக்கிளுக்கும் நடைக்கும் குதிரைக்கும் என்று திறந்தது.

எங்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் போன மலாயா ரயில் 2011-ல் நின்றபிறகு, அந்த 24 கிலோமீட்டரும் சிங்கப்பூரில் இப்படித்தான் பசுமைப் பாதையாகிவிட்டது. அங்கே பாலத்தில் நின்று படமெடுக்க வரிசை நிற்கும். இங்கே காலை முழுக்க எங்களைக் கடந்தவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

ரயில் தடத்தின் அருமை ஓட்டினால்தான் தெரியும். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. ஐம்பது அடி போனால் ஓரடி ஏற்றம், அதற்கு மேல் கூடாது என்று கணக்கு வைத்து மலையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். எஞ்சினுக்காகச் செய்த தயவு இன்று என் முழங்காலுக்கு. சாட்டோ க்ரீக்கைத் தாண்டி டைகர் ஹில் என்ற ஏற்றம். பெயரைக் கேட்டு இரவெல்லாம் பயந்திருந்தேன். நேராகப் போனால் சிறிது தூரம், தடமோ பெரிய வளைவாகப் போகிறது. இரண்டு கியர் குறைத்ததோடு சரி. நேற்றைய கெர்ன்மூர் சைக்கிள்காரர்களுக்காக வெட்டிய பாதை, கருணை கிடையாது.

அலெக்ஸாண்ட்ரா பக்கம் காற்றில் ஒரு மூலிகை வாசம். பாறையெல்லாம் படர்ந்திருப்பது தைம் செடி. தங்கம் தேடி வந்தவர்கள் காலத்தில் வந்து, தானாகப் பெருகிவிட்டது. வருடத்துக்கு 350 மில்லிமீட்டர் அளவுதான் இங்கே மழை. நம் ஊரில் ஒரு நல்ல ஐப்பசியில் பெய்வது.

பாதையை அறுத்துக்கொண்டு ஆட்டுப் பண்ணை வேலிகள். சில இடத்தில் இரும்புக் குழாய்களைக் குறுக்கே பதித்திருக்கிறார்கள், ஆட்டுக்கால் நிற்காது, சைக்கிள் கடகடவென்று தாண்டும். மற்ற இடத்தில் கதவு. சங்கிலியின் ஒரு கண்ணியைக் கொக்கியில் மாட்ட வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். கதவு திறக்கும் உத்தியோகம் எனக்கு. அக்கா கோயில் தேர் மாதிரி நின்று வருவாள்.

ராத்திரி ஓமாக்காவில். பக்கத்தில் ஓஃபிர் என்ற கல் வீடுகளின் ஊர், 1886-ல் கட்டிய அஞ்சலகம் அப்படியே நிற்கிறது. 1995 ஜூலையில் இங்கே வெப்பம் மைனஸ் 21.6 டிகிரிக்குப் போனதாம். அதைக் கேட்டதும் அக்கா இன்னொரு போர்வை வாங்கிக்கொண்டாள், இது ஏப்ரல் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள்: ஓமாக்காவ் – ஓட்டுரெஹுவா

ரயில் தடத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓட்ட முடியும் என்றால் இந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

லாடரைத் தாண்டி மனுஹெரிகியா ஆற்றின்மேல் நீண்ட பாலம். அதன்பின் தடம் பூல்பர்ன் இடுக்குக்குள் ஏறுகிறது. சாலை இந்த இடுக்குக்குள் வரவே இல்லை, ரயில் மட்டும்தான் வந்தது. அதனால் இப்போது இங்கே நடந்தோ சைக்கிளிலோ குதிரையிலோதான் வர முடியும். இரண்டு சுரங்கம், 37 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம்.

சுரங்க வாசலில் நின்று கைவிளக்கை மாட்டினோம். உள்ளே நாலு மிதி மிதித்ததுமே வெயில் அறுந்துபோனது. சுவர் பாறையை உளி கொத்திய தடம் விளக்கு வெளிச்சத்தில் செதில் செதிலாகத் தெரிகிறது, சில இடத்தில் ஈரம். சரளையின் சத்தம் வெளியே இருந்ததைவிடப் பெரிதாகி, முன்னும் பின்னும் யாரோ ஓட்டிக்கொண்டு வருவதுபோல் கேட்கிறது. சுரங்கம் வளைவாக இருப்பதால் நடுவில் இரண்டு பக்கத்து வாசலும் தெரியாது. சைக்கிளை விட்டு இறங்கி, "ஏய், இருக்கியா?" என்று கத்தினாள் அக்கா. "இருக்கேன்க்கா, பின்னாடிதான்." மிச்ச தூரம் இருவரும் பேசிக்கொண்டே தள்ளினோம். என்ன பேசினோம் என்றால், இட்லி மாவை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தோம் என்று.

பாலத்தின் தூண்கள் இந்த மலையின் கல்தான். ஷிஸ்ட் என்கிற தகட்டுப் பாறை; உடைத்தால் பலகை பலகையாக வரும், வெயிலில் மினுக்கும். கைக்கருவிகளோடு பனியில் கூடாரத்தில் தங்கியிருந்து இந்தக் கல்லைச் செதுக்கியவர்களை நினைத்துப் பார்க்காமல் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியாது. மூலைக்கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

இடுக்கு முடிந்ததும் ஐடா பள்ளத்தாக்கு அகலமாக விரிகிறது. தடம் ஏறக்குறைய நேர்கோடு. அதன் மேல்கோடியில் ஓட்டுரெஹுவா. இங்கே ஹேஸ் பட்டறையைப் பார்க்காமல் போகாதீர்கள். எர்னஸ்ட் ஹேஸ் என்பவர் 1895-ல் ஆரம்பித்தது. இப்போது பாரம்பரியச் சின்னமாகக் காக்கிறார்கள். முயல் தொல்லைக்கு விஷத் தீனியை வெட்டும் கருவியில் தொடங்கி, வேலிக் கம்பியை முறுக்கி இழுக்கும் கருவியில் பெயர் வாங்கினார். தகரக் கொட்டகைக்குள் நிமிர்ந்து பார்த்தால் கூரையடியில் நீளத் தண்டு, அதில் சக்கரங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் தோல் பட்டை இறங்கி ஒவ்வோர் இயந்திரத்துக்கும் போகிறது. முதலில் காற்றாலை சுழற்றியது, பிறகு தண்ணீர்ச் சக்கரம்.

எனக்குப் பிடித்தது ஹேஸ் அல்ல, அவர் மனைவி ஹன்னா. கருவியைக் கணவர் செய்வார், விற்றது இவர். எதில் போய்? சைக்கிளில். கணுக்கால்வரை பாவாடை கட்டிய காலத்தில், பிள்ளைகுட்டிக்காரி, பாதையே இல்லாத இந்தப் பள்ளத்தாக்குகளில் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்திருக்கிறார். கியரும் கிடையாது, மின்கலமும் கிடையாது. அதை அக்காவிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கு முழங்கால் நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

சாப்பாட்டுக்குச் சீஸ் ரோல். ரொட்டித் துண்டில் சீஸும் வெங்காய சூப் பொடியும் குழைத்துத் தடவி, சுருட்டி, வெண்ணெய் போட்டு வாட்டியது. தென் தீவின் இந்தக் கோடியில்தான் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு இந்த ஊர்களில் அதுதான் கதி, மூன்று தின்றால் குறை தெரியாது.

நான்காம் நாள்: ஓட்டுரெஹுவா – வைபியாட்டா

ராத்திரியே காற்று திரும்பிவிட்டது. வழக்கமாக இங்கே வடமேற்குக் காற்று. க்ளைடில் ஆரம்பிப்பவர்களை முதுகில் கைவைத்துத் தள்ளும். இன்று தெற்கிலிருந்து. அண்டார்டிகாவுக்கும் இதற்கும் நடுவில் கடலைத் தவிர வேறு தடுப்பு கிடையாது.

வெட்டர்பர்னில் பச்சைத் தகரக் கொட்டகை ஒன்று. கிரகாம் சிட்னி என்ற ஓவியர் 1975-ல் இதை வரைந்ததால் புகழ்பெற்றது. ரயில் நின்றபின் வேறெங்கோ கொண்டுபோன கொட்டகையை ஊர்க்காரர்கள் மீட்டு வந்து பழைய இடத்திலேயே வைத்தார்கள். அதற்கு முன்பே தடத்தின் மிக உயர்ந்த இடத்தைத் தாண்டியிருந்தோம், 618 மீட்டர். இனி இறக்கம்தான் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இறக்கத்தில் மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது! மேனியோடோட்டோ சமவெளியில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. ரயில்காரர்கள் ஏற்றத்தைத்தான் ஒழித்தார்கள், காற்றை அவர்களால் என்ன செய்ய முடியும்? தடம் பராமரிக்கும் கூலியாட்களுக்குக் கட்டிய சின்னக் கொட்டகைகள் வழியில் உண்டு. ஒன்றில் புகுந்து, எழுதி ஒட்டியிருந்த வரலாற்றை வரிவிடாமல் படித்தோம். வரலாற்றில் இவ்வளவு ஆர்வம் எனக்கு வெளியே காற்றடிக்கும்போது மட்டும்தான் வரும்.

இந்தச் சமவெளியில் சூரிய மண்டலத்தின் மாதிரி ஒன்றைப் பாதை நெடுக வைத்திருக்கிறார்கள். பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவு. சூரியன் ரான்ஃபர்லி ஊருக்குள். பூமி அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அளவில் ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. நேற்றெல்லாம் ஒளியை மிஞ்சி ஓட்டியிருக்கிறோம். இன்று எதிர்காற்றில் என் வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அக்கா மட்டும் ஒளியை முந்திப் போய், ரான்ஃபர்லியில் தேநீர் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள், மின்கலத்தில் ஒரே ஒரு கோடு மிச்சம் வைத்துக்கொண்டு.

சூடேறியபின் அவளுக்கு ஒரு தாம்சன் கதை சொன்னேன். சிங்கப்பூரில் நாம் தினமும் பேருந்தில் போகும் தாம்சன் ரோட்டின் தாம்சன், ஜான் டர்ன்புல் தாம்சன். அங்கே அரசாங்க நில அளவையாளர். 1851-ல் முடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அவர் கட்டியது. உடல்நலம் கெட்டுக் கிளம்பியவர் 1856-ல் நியூசிலாந்து வந்து, அடுத்த வருடமே இந்த உள்நாட்டை அளந்தார். ஓடைகளுக்கெல்லாம் ஆடு, பன்றி, மாடு, குதிரை என்று தன் ஊர் வழக்கில் பெயர் வைத்துக்கொண்டே போனார். வெட்டர்பர்னும் அதில் ஒன்று. 1876-ல் நாட்டின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். "நம்ம பஸ் ஸ்டாப்புல இருந்து இவ்வளவு தூரமா வந்தாரு மனுஷன்" என்றாள் அக்கா. அவள் படித்த பள்ளி தாம்சன் ரோட்டை ஒட்டித்தான்.

ரான்ஃபர்லியை விட்டதும் காற்று குறையவில்லை, நாங்கள்தான் வீம்பை விட்டோம். குனிந்து, மாறி மாறி முன்னால் போய், வைபியாட்டா.

ஐந்தாம் நாள்: வைபியாட்டா – மிடில்மார்ச்

காற்று அடங்கி, வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கோகோங்கா, டெய்சிபேங்க் என்று தடம் தையரி ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஆறு வளைந்து வளைந்து போகிற இடத்தில் வில்லோ மரங்கள் மஞ்சளாகியிருந்தன. பிரைஸ் க்ரீக்கில் இன்னொரு சுரங்கம். இந்த முறை அக்கா இறங்கவில்லை.

ஹைட் தாண்டி ஓரிடத்தில் கல் நினைவுச்சின்னம். 1943 ஜூன் 4-ஆம் தேதி, க்ராம்வெல்லிலிருந்து டனீடின் போன ரயில் வெட்டுப்பள்ளத்தின் வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்து தடம் புரண்டது. 21 பேர் இறந்தார்கள். குதிரைப் பந்தயத்துக்கும் கண்காட்சிக்கும் விடுமுறையில் கிளம்பியவர்கள் அதில் நிறைய. ஓட்டுநர் குடித்திருந்தார் என்று விசாரணையில் வந்து, சிறைக்குப் போனார். போர்க்காலம் என்பதால் செய்தி அப்போது பெரிதாக வெளியே பரவவில்லை என்கிறார்கள். அந்த வளைவில் சைக்கிளில் போகும்போது அபாயம் எதுவும் தெரியாது, அவ்வளவு மெதுவான வளைவு.

ஹைடிலிருந்து மிடில்மார்ச் வரை கடைசி 27 கிலோமீட்டர் பெரும்பாலும் நேர்த்தடம். வலப்பக்கம் ராக் அண்ட் பில்லர் மலை, உச்சி நெடுகத் தூண்களாகப் பாறை. ஓட்டுவதற்கு எளிது, எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மிடில்மார்ச்சில் சரளை முடிகிற இடத்தில் நிஜத் தண்டவாளம் ஆரம்பிக்கிறது. டனீடின் வரையிலான பகுதியை மட்டும் நகராட்சி வாங்கிக் காப்பாற்றியது.

போக நினைப்பவர்களுக்கு: மின்சைக்கிள் கட்டாயமில்லை, காற்று நாளுக்காகவாவது ஒருவரிடம் இருப்பது நல்லது. மெல்லிய சக்கரம் வேண்டாம், 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். ரயில் தடத்தில் கட்டணம் இல்லை. ஏப்ரல் கடைசிக்குப் பிறகு சிங்கப்பூர் உடம்புக்குச் சரிவராது. ஏரிப் பாதை மட்டும் பார்த்துத் திரும்புகிறேன் என்றால் படத்துக்கு அது போதும்தான், ஆனால் மேனியோடோட்டோவில் நாள் முழுக்க ஆளில்லாத வானத்தின் கீழ் மிதிப்பதுதான் என் கணக்கில் இந்தப் பயணம். அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஏரிதான், அதுவும் அந்தத் தொங்கு பலகைதான் என்கிறாள். க்ளைடுக்குத் திரும்பும் வேனில் இதே சண்டை. ஓட்டுநர் யார் பக்கமும் சேரவில்லை. ராக்ஸ்பர்க் இடுக்கைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். அலெக்ஸாண்ட்ராவிலிருந்து ஆற்றோரமாகப் போகும் பாதை, நடுவில் 12 கிலோமீட்டருக்குப் பாதையே கிடையாது, சைக்கிளோடு ஜெட் படகில் ஏற வேண்டும். நான் விமானத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா படகுக்கு இரண்டு இடம் சொல்லிவிட்டாள்.